கிட்டே வராதே

முதல் தடவை எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது ஊரே திரண்டு வந்து பார்த்தது. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் அலமாரியில் இடம் போதாமல் கட்டிலுக்கு அடியில் போயின. வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி உட்கார்ந்து, ஒரே மாதிரி உச்சுக்கொட்டி, கிளம்பும்போது தங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருத்தி இதே வியாதியில் செத்துப்போன கதையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களை நான்தான் தேற்றி அனுப்ப வேண்டியிருந்தது. இடது மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. முளைத்தது கொஞ்சம் சுருட்டையாக இருந்தது. அதையும் விடாமல், "இதுதான் ஒனக்கு எடுப்பா இருக்குது" என்றார்கள்.

அதனால், திரும்பி வந்திருக்குமோ என்று சந்தேகம் தட்டியபோது நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. என்னைப் போல ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அழுமூஞ்சிக் கதை எதிர்பார்ப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் சின்ன யூனிட் ஒன்றில் வேலை செய்கிறேன். கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகள் ரேவதி. திட்டக்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து செக்கப்புக்குப் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போய் வருகிறேன். போனதும் ரத்தம் எடுப்பார்கள். எப்போதும் வலது கையில்தான். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் ஊசி குத்தக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மீறினால் அந்தக் கை யானைக்கால் மாதிரி வீங்கிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். ஆக, என் இடது கை உட்கார்ந்து சாப்பிடும் கை. உழைக்கிறது எல்லாம் வலது கை.

அந்த ரத்தத்தில் ஒன்றைத் தேடுவார்கள். சிஏ 15-3 என்று அதற்குப் பெயர். மார்பகப் புற்றுநோய் செல்கள் ரத்தத்தில் விடுகிற ஒரு புரதம் அது. எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். அளவு ஏறிக்கொண்டே போனால் எங்கேயோ மறுபடி தலை தூக்குகிறதோ என்று சந்தேகப்படுவார்கள். ஈரல் கோளாறாலும் ஏறலாம், ஒன்றுமே இல்லாமலும் ஏறலாம். நோய் திரும்பியும் ஏறாமல் இருப்பதும் உண்டாம். அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து எந்த டாக்டரும் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் நோயாளி சொல்லிக்கொள்வாள். போன தடவையைவிட ஏறியிருக்கிறது என்று பார்த்ததும் நான் எனக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். "வலி ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

நெஞ்சின் நடுவில் ஒரு குத்தல் கொஞ்ச நாளாக இருந்தது. வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தேன். சொன்னேன். அவர் நடு நெஞ்சு எலும்பை விரலால் அழுத்தினார். துள்ளிவிட்டேன்.

"பெட் ஸ்கேன் ஒண்ணு பாத்துடலாம்" என்றார்.

நேரம் பார்த்து வந்தது அந்த ஸ்கேன். ரேவதிக்கு அப்போதுதான் திட்டக்குடியில் வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஊர் வழக்கம் அது, எனக்கும் அதைவிடப் பெரிய ஆசை இல்லை. கை நிறைய வளையலோடு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்த அதே வாரத்தில் ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள். நிறைமாதத்தை நெருங்கும் பெண்ணிடம் போய், உன் அம்மாவுக்கு மறுபடி வந்திருக்கலாம் என்று எந்த வாயால் சொல்வது? "யூனிட்டு வேலையா பாண்டி வரைக்கும் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பெட் ஸ்கேன் என்பதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஒரு மருந்தில் கொஞ்சம் கதிர்வீச்சைச் சேர்த்து ஊசியாகப் போடுவார்கள். புற்றுநோய் செல் அகோரப் பசிக்காரன். மற்ற செல்லைவிட அதிகமாகச் சர்க்கரையைத் தின்னும். எங்கே அதிகம் தின்கிறதோ அந்த இடம் படத்தில் பளிச்சென்று எரியும். அதற்காக வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். முந்தின நாள் கடினமான வேலை எதுவும் செய்யக் கூடாது என்றும் சொல்லி அனுப்புவார்கள்.

"கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள் வாசலில் இருந்த நர்ஸ்.

"டீ குடிக்கப் போயிருக்காங்க."

எந்த ஆஸ்பத்திரியிலும் துணை இல்லாத பெண்ணைக் கண்டால் ஆயிரம் கேள்வி வரும். அதனால் இல்லாத ஓர் ஆளை நான் எப்போதும் டீக்கடைக்கு அனுப்பியே வைத்திருந்தேன்.

"நேத்து ஏதாச்சும் கஷ்டமான வேல செஞ்சீங்களா?"

"இல்லீங்க."

மனசாட்சிக்கு விரோதமில்லாமல்தான் சொன்னேன்.

ஊசி போட்டதும் ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். கதவில் ஈயத் தகடு இருப்பதால் அது அவ்வளவு கனம். போன் கூடாது, பேசக் கூடாது, படிக்கக் கூடாது, கையைக் காலை ஆட்டக் கூடாது. மருந்து உடம்பெல்லாம் பரவும் வரைக்கும் அப்படியே கிடக்க வேண்டும். சுவரில் ஒரு கேமரா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நர்ஸ்கூட ஒலிபெருக்கியில்தான் பேசினாள், ஏனென்றால் அந்த நேரத்தில் கதிர் என்னிடமிருந்து வந்துகொண்டிருந்தது. என்னிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்றத்தான் அந்தக் கதவு. கணவர் போன பிறகு நான் நிறையத் தனிமை பார்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. யாராவது வந்து ஒரு தடவை தோளைத் தொட்டால் போதும் என்று இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வந்தவளை யார் வந்து தொடுவார்கள்?

ஸ்கேன் முடிந்து கிளம்பும்போது, "நெறையத் தண்ணி குடிங்க. இன்னிக்கு முழுக்கக் கர்ப்பிணிங்க, சின்னப் புள்ளைங்க கிட்ட நெருங்காதீங்க" என்றாள் நர்ஸ்.

கர்ப்பிணி வீட்டில் இருக்கிறாளே!

மருந்துக் கடையில் ஒரு முகக்கவசம் வாங்கினேன். கொரோனா கற்றுக்கொடுத்த நல்ல பாடம் அது. வீட்டு வாசலில் நின்றே, "காய்ச்சலா இருக்குதுடி, ஒனக்கு ஒட்டிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ரேவதி ரசம் வைத்துக் கதவுக்கு வெளியே வைத்தாள். அவள் வளையல் சத்தம் தூரப் போகிற வரைக்கும் காத்திருந்து எடுத்துக்கொண்டேன். நர்ஸ் சொன்னது அன்று ஒரு நாள்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் அவளிடமிருந்து எட்டியே நின்றேன். கதிர் மட்டும் காரணமில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்ற பயமும் இருந்தது.

முடிவு கேட்கப் போனேன். டாக்டர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். என் உடம்பு அதில் சாம்பல் நிறத்தில் நின்றது. வலது தோள், வலது புஜம், வலது மார்புச் சதை எல்லாம் கொழுந்துவிட்டு எரிந்தது. இவ்வளவு இடத்திலா என்று நினைத்தேன்.

"வசந்தாம்மா, ஸ்கேனுக்கு முன்னாடி நாள் என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் இல்ல சார். வேலைக்குப் போயிட்டு வந்தேன்."

"என்ன வேலை?"

"உக்காந்த வேலைதான் சார். அச்சு ஊத்துறது."

அவருக்குப் புரியவில்லை. எழுந்து நின்று செய்து காட்டினேன். கரைத்த களிமண்ணைக் குவளையில் அள்ளி பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்ற வேண்டும். அச்சு ஈரத்தைக் குடித்து ஓரத்தில் மண் பிடித்ததும், அச்சைத் தூக்கிக் கவிழ்த்து மிச்சத்தை வடிக்க வேண்டும். பிறகு நிமிர்த்தி வைத்து, அடுத்த அச்சு. நாய்க்குட்டிக்கு ஓர் அச்சு, கிளிக்கு ஓர் அச்சு, பிள்ளையாருக்கு ஓர் அச்சு. சாயங்காலம் வரைக்கும் தூக்குவதும் கவிழ்ப்பதும்தான். இடது கையால் கூடாது என்பதால் அத்தனையும் வலது கையால்.

"அச்சு எவ்வளவு கனம் இருக்கும்?"

"ஈரம் குடிச்சா நல்லாக் கனக்கும் சார்."

"இதையா கஷ்டமான வேலை இல்லன்னு சொன்னீங்க?"

அவருக்கு எங்கள் ஊர்க் கணக்கு எப்படித் தெரியும்? எங்களிடம் கஷ்டமான வேலை என்றால் மண் மூட்டை இறக்குவது, சூளை அடுக்குவது. அச்சு ஊற்றுவது உட்கார்ந்த வேலை. உடம்புக்கு முடியாதவர்களைத்தான் அதில் உட்கார வைப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முதலாளி இரக்கப்பட்டு எனக்குக் கொடுத்த இடம் அது. யூனிட்டில் யாரைக் கேட்டாலும், வசந்தாவுக்கு என்ன, நோகாமல் நோன்பு கும்பிடுகிறாள் என்றுதான் சொல்வார்கள்.

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். நன்றாக உழைத்த தசையும் சர்க்கரையை வாங்கித் தின்னுமாம். ஊசியில் போட்டதில் பெரும்பங்கை என் வலது கை தின்றுவிட்டது. நெஞ்செலும்பில் மங்கலாக ஒரு புள்ளி தெரிகிறது. அது எலும்பில் இருப்பதா, பக்கத்துச் சதையின் வெளிச்சமா என்று சொல்ல முடியவில்லை.

"மறுபடி எடுக்கணும். அதுக்கு முன்னாடி சில நாள் எந்த வேலையும் வேணாம். சும்மா உக்காருங்க."

"உக்காந்துதானே சார் செஞ்சேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றும் சொல்ல முடியாது, தலை போயிற்று என்றும் சொல்ல முடியாது. நடுவில் தொங்கிக்கொண்டு நின்றேன்.

வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் ரேவதிக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா வேலைக்குப் போவல?"

"ஆர்டர் இல்ல."

"மல்லிகா அக்கா காலைல போச்சே. அதுக்கு மட்டும் ஆர்டர் இருக்குதா?"

மல்லிகா என் பக்கத்து அச்சுக்காரி. அடுத்த தெருவில் இருக்கிறாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ரேவதி முறத்தைப் பிடுங்கி ஓரம் வைத்தாள்.

"காய்ச்சல்னு சொன்ன, மறுநாளே போயி பச்சத் தண்ணில குளிக்கிற. நான் கிட்ட வந்தா எந்திரிச்சிப் போயிடற. தாய் வூடுன்னு கூட்டியாந்து வெச்சிட்டு, எம்மேல ஒரு தடவ கைய வெச்சியா நீ? புள்ள ஒதைக்குது, தொட்டுப் பாருன்னா அடுப்புல பாலுன்ற. நான் என்னாம்மா செஞ்சேன் ஒன்ன?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனையிலிருந்து சொல்லி முடித்தேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. மூக்கு விடைத்தது, அவள் அப்பாவுக்கு விடைக்கிற மாதிரி.

"ஆஸ்பத்திரில கூட யாருன்னு கேப்பாங்களே. இன்னா சொன்ன?"

"டீ குடிக்கப் போயிருக்காங்கன்னு."

அவள் குபீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே ஒரு குதிகால் நகர்ந்தது.

"அடுத்த தடவ நானும் வரேன்."

"புள்ளத்தாச்சிய உள்ள வுட மாட்டாங்கடி."

"வெளிய நிக்கிறேன். அதுக்கும் தட போட்டிருக்காங்களா?"

சொன்னபடியே வந்தாள். மாப்பிள்ளை தன்னோடு வேலை செய்பவரின் காரை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். ஸ்கேன் கட்டடத்தின் வாசலிலேயே, கர்ப்பிணிகள் உள்ளே வரக்கூடாது என்று பெரிதாக எழுதியிருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை, பக்கத்தில் ஒரு வாதாமரம். அதன் நிழலில் ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்தார் மாப்பிள்ளை. அதே நர்ஸ், அதே கேள்வி.

"கூட யாரு?"

"எம்பொண்ணு. எதிர்த்தாப்புல டீக்கடைல இருக்குது."

நர்ஸ் நம்பவில்லை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

மறுபடி ஈயக் கதவு, மறுபடி கேமரா. இந்தத் தடவை சுவருக்கு அந்தப் பக்கம், ரோட்டைத் தாண்டி ஓர் ஆள் இருக்கிறாள் என்று தெரியும். அதனால் பயம் குறைந்தது என்று சொன்னால் பொய். கூடிவிட்டது. நான் ஒருத்தி மட்டும் போகிறதாக இருந்தால் போய்விட்டுப் போகிறேன். இவளுக்குப் பிள்ளை பிறக்கிற நேரத்தில் வெந்நீர் வைக்க, பத்தியம் சமைக்க, பச்சை உடம்போடு அவள் கண் அயரும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார் இருப்பார்கள்? கையை ஆட்டக் கூடாது என்பதால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

எழுத்தில் முடிவு மறுநாள்தான் கிடைக்கும். நான் கேட்காமல் கிளம்பமாட்டேன் என்று தெரிந்தோ என்னவோ, டாக்டர் சாயங்காலமே திரையில் பார்த்துவிட்டு என்னை எதிரே தள்ளி உட்காரச் சொன்னார். வலது தோள் அணைந்து கிடந்தது. புஜம் அணைந்து கிடந்தது. நெஞ்செலும்பில் மட்டும் ஒரே ஒரு புள்ளி, இப்போது தெளிவாக எரிந்தது.

"திரும்பி வந்திருக்குன்னுதான் நெனைக்கிறேன். ஊசி வழியா கொஞ்சம் எடுத்துப் பாத்து உறுதி பண்ணிக்கலாம். ஆனா ஒரே எடத்துல இருக்கு. ஈரல்ல இல்ல, நுரையீரல்ல இல்ல."

"கொணமாயிடுமா சார்?"

"முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன். மாத்திரையும் ஊசியும் போட்டுக் கட்டுக்குள்ள வெச்சிருக்கலாம். சர்க்கரை வியாதிக்காரங்க வாழலையா? அப்படி."

நல்ல உவமைதான் கண்டுபிடித்தார், என் கணவர் எதில் போனார் என்று தெரியாமல். பிறகு எடுத்துப் பார்த்ததிலும் அதுதான் என்று வந்தது. மாத்திரை தினமும், எலும்புக்கு ஊசி அவ்வப்போது. இரண்டு ஊசிக்கு நடுவில் கிடைத்த இந்த ஓய்வில்தான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் பேத்தி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். ஆனால் அந்தச் சாயங்காலத்தைச் சொல்லி முடிக்காமல் இதை விட முடியாது.

வாசலுக்கு வந்தேன். எதிர்ப்பக்கம் ரேவதி எழுந்து நின்றாள். ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். என் முகத்தை அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே படித்துவிட்டாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வருகிற ஆட்டோவைக்கூடப் பார்க்காமல் ரோட்டில் இறங்கினாள்.

"கிட்ட வராதடி!" என்று கத்தினேன்.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பெற்ற பெண் அழுதுகொண்டு ஓடி வருகிறாள், நான் கையை நீட்டித் தடுத்துக்கொண்டு பின்வாங்கிக்கொண்டே போகிறேன். எந்தத் தாய்க்கும் அந்த நிலைமை வேண்டாம். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் வண்டிகள்.

"வந்துடுச்சி ரேவதி. ஒரே எடத்துலதானாம். மாத்தர குடுக்குறாங்களாம்" என்றேன்.

"சரிம்மா" என்றாள்.

காரில் அவளோடு நான் ஏறக் கூடாது. "அத்த, நீங்க கார்ல போங்க, நாங்க பஸ்ல வரோம்" என்றார் மாப்பிள்ளை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை அந்த நேரத்தில் அவர் மறந்துவிட்டார். பாவம், நல்ல பிள்ளை. நான் விருத்தாசலம் பஸ்ஸைப் பிடித்துக் கடைசி சீட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்காரப் பார்த்தாள். எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். எவ்வளவு திமிர் என்று நினைத்திருப்பாள்.

கடலூர் தாண்டும்போதுதான் கவனித்தேன், பின்னாலேயே அந்தக் கார் வந்துகொண்டிருந்தது. பஸ் நின்றால் நின்றது, கிளம்பினால் கிளம்பியது. முந்திப் போக எத்தனையோ இடம் இருந்தும் முந்தவில்லை. நெய்வேலி வந்ததும் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"யாருப்பா அது, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பஸ்ஸு பின்னாடியே வரான்?"

"எம்பொண்ணுங்க" என்றேன்.

"அப்ப கார்லயே போறதுதானே?"

அவருக்கு என்னத்தைச் சொல்வது? கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இருட்டிவிட்டதால் அவள் முகம் தெரியவில்லை. இரண்டு விளக்குகள் மட்டும் ஊர் வரைக்கும் கூட வந்தன.

வீட்டில் நான் பின்கட்டு அறைக்குள் போனேன். இந்தத் தடவை தாழ்ப்பாள் போடவில்லை. ரேவதி கூடத்தின் அந்தக் கோடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காலைல எத்தன மணிக்கும்மா ஒன்னத் தொடலாம்?"

"விடியட்டும்டி."

"விடிஞ்சா போதும்தானே?"

"போதும்."

அங்கேயே பாயை விரித்துப் படுத்தாள். அசதியில் நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. ரேவதி என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நெஞ்செலும்பின் மேல் உள்ளங்கையைப் பதித்து வைத்திருந்தாள்.